கேத வீட்டு டீசல் காசு

பரளச்சி அருஞ்சுனைக்கு நாற்பத்திரண்டு வயது. வாடகை பேசி இதுவரை அவர் யாரிடமும் தோற்றதில்லை. அவரை யாரும் பேசவே விட்டதில்லை என்பதுதான் காரணம். வண்டி அவருடையது, ஓட்டுவது அவர், ஆனால் வாடகையை மட்டும் அவருக்குப் பதிலாக வேறொருவர் பேசி முடித்துவிடுவார்.

அந்த வேறொருவரின் பெயர் ‘வாயுவேகா அவசர லோடு சர்வீஸ்’. அருப்புக்கோட்டையில் திருச்சுழி ரோட்டின் மேல், ஒரு மாடியில் அதன் ஆபீஸ். ஒரு ஏசி, இரண்டு கம்ப்யூட்டர், சாமி படத்துக்கு அணையாத சீரியல் பல்பு. சொந்தமாக ஒரு சக்கரம்கூடக் கிடையாது. வண்டிகள் எல்லாம் அருஞ்சுனையைப் போன்ற பதினாலு பேருடையவை. லோனும் அவர்களுடையதுதான். டயர், இன்சூரன்ஸ், டீசல், வழியில் பஞ்சர், மழையில் தார்ப்பாய், எல்லாமே அவர்கள் பாடு. கம்பெனிக்குச் சொந்தமானது அவசரம் மட்டும்தான்.

அவசரத்துக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. நூல் மில்லில் பேரிங் உடைந்தால் கோயம்புத்தூருக்கு ஓட வேண்டும். கல்யாண வீட்டுச் சேலைக்கட்டு காலையில் மதுரைக் கடையில் இருக்க வேண்டும். மல்லிகை வாடுவதற்குள் விமானம் ஏற வேண்டும். இப்படிப்பட்ட லோடுக்குக் கம்பெனி கிலோமீட்டருக்கு முப்பது ரூபாய் வாங்கும், டிரைவருக்குப் பதினெட்டு கொடுக்கும். அதுவும் போகிற தூரத்துக்கு மட்டும். வாயுவேகாவின் கணக்குப்படி மதுரைக்குப் போன வண்டி அங்கேயே கரைந்துபோய், மறுநாள் காலையில் திருச்சுழி ரோட்டில் தானாக முளைத்துவிடும். திரும்பி வருவது என்ற ஒன்று அந்த மாடிக்குத் தெரியாது.

கம்பெனி முதலாளி தங்கசாமியைக் குறை சொல்வது பாவம். நெற்றி நிறைய விபூதி வைப்பார். டிரைவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு கிலோ சேவு கொடுப்பார். இத்தனை நல்ல மனிதர் எப்படித்தான் கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு ரூபாய் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்துவைக்கிறாரோ என்று நினைத்தால் நமக்கே கஷ்டமாக இருக்கும்.

ஒரு வருடம் டீசல் கிடுகிடுவென்று ஏறியது. மறு மாதமே கம்பெனி பில்லில் புதிதாக ஒரு வரி வந்தது: ‘எரிபொருள் கூடுதல் கட்டணம்’, மொத்தத் தொகையில் பன்னிரண்டு சதவீதம். அருஞ்சுனை மாடியேறிப்போய், முதலாளியின் அக்காள் மகனும் மேனேஜருமான ராம்குமாரிடம் விசாரித்தார்.

“தம்பி, பில்லுல டீசல் காசு ஏறியிருக்குன்னாக. எங்களுக்கு எப்ப ஏறும்?”

“அண்ணே, அது கம்பெனியோட கட்டணம். டிரைவருக்கு இல்ல.”

“கம்பெனிக்கு வண்டியே இல்லயேப்பா. டீசல எதுல ஊத்துவீக?”

ராம்குமார் யோசித்தான். பி.பி.ஏ. படித்தவன். “ஜெனரேட்டர் இருக்குல்லண்ணே” என்றான்.

அருஞ்சுனை இறங்கி வந்துவிட்டார். கீழே நின்றிருந்தவர்களிடம் ‘ஜெனரேட்டருக்காம்’ என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு டீசல் விலை கொஞ்சம் இறங்கியது. பில்லில் ஏறிய வரிக்கு மட்டும் இறங்குகிற படி தெரியவில்லை, மேலேயே நின்றுகொண்டது.

ஏன் அன்றைக்கே சண்டை போடவில்லை என்று கேட்கலாம். மானாவாரிக் காட்டில் பிறந்தவர்களுக்கு மேலே இருந்து வருவதோடு சண்டை போட்டுப் பழக்கமில்லை. மழை பெய்தால் பெய்தது, பொய்த்தால் பொய்த்தது. பருத்திக்கும் கொத்தமல்லிக்கும் யாரோ விலை சொல்வார்கள், வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். வானத்திடம் போய் யார் ரேட் பேசுவது? அருஞ்சுனை, மாடி ஆபீஸையும் வானத்தோடு சேர்த்துவிட்டார்.

ஆனால் அவருக்குக் கோபமே வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அந்தக் கோபம் வேறொரு இடத்தில் இருந்தது.

இந்தப் பக்கத்து லோடு வண்டிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கேத வீட்டில் வாடகை பேச மாட்டார்கள். ஒருவர் செத்துக் கிடக்கிற வீட்டு வாசலில் நின்றுகொண்டு ‘போக வர எம்புட்டு’ என்று கேட்கிறவன் மனிதனே இல்லை. பந்தல் சாமான், ஐஸ் பெட்டி, விறகு எதை ஏற்றினாலும் கூலி கிடையாது. ஊற்றுகிற டீசல், அந்தச் சாவுக்கு வண்டிக்காரன் செய்கிற செய்முறை. வீட்டுக்காரர்களாகப் பார்த்து ஒரு துண்டு போட்டால் வாங்கிக்கொள்ளலாம்.

தங்கசாமி இரண்டு வருடத்துக்கு முன்பு ஐந்து ஐஸ் பெட்டிகள் வாங்கி, சுற்றுவட்டார கிராமங்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தபோது டிரைவர்கள் இந்த வழக்கத்தைச் சொன்னார்கள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஒங்கள மாதிரி ஆளுக இருக்கிறதாலதான்யா கொஞ்சமாச்சும் மழை பேயுது. கேதத்துல நானும் லாபம் பாக்க மாட்டேன். பொட்டிக்கு உண்டானது மட்டும் போதும்” என்றார்.

பதினாலு பேருக்கும் முறை வைத்து ஒருவருக்கு மாதத்தில் ஒன்றோ இரண்டோ விழும். அருஞ்சுனை தன் முறையை ஒரு தடவைகூட மாற்றிவிட்டதில்லை. பெட்டியைத் தலைமாடு பார்த்து இறக்குவார். வயரை மிதிக்காத பக்கமாக ஓட்டி, பிளக்கைத் தானே செருகி, பெட்டி குளிர்கிறவரை செருப்பில்லாமல் நிற்பார். அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்புவார். பரளச்சியிலிருந்து நரிக்குடி எல்லைவரை ‘அருஞ்சுனை வண்டி வந்துருச்சா?’ என்றுதான் கேட்பார்கள். லோன் வண்டி, வெள்ளாமை இல்லாத நாலு ஏக்கர் காடு, இவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் அந்த மனிதரிடம் மீதி இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

அப்புறம் சங்கையா செத்துப்போனார்.

சங்கையா அருஞ்சுனையின் ஊர்க்காரர், முறைக்கு மாமா. மகன் நாகராஜ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அவன் வந்து சேர்கிறவரை உடம்பு தாங்க வேண்டுமென்று வாயுவேகாவுக்குப் போன் போட்டார்கள். அருஞ்சுனை முறையில்லாதபோதும் கேட்டு வாங்கி, பெட்டியைக் கொண்டுபோய் இறக்கினார். அடக்கம் முடிந்த மறுநாள், பெட்டியைத் திருப்பி எடுத்துவரப் போனார்.

பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாகராஜ் எழுந்திருக்கவில்லை.

“வாங்க மச்சான். டீசல் காசு பத்துச்சா?”

அருஞ்சுனைக்கு விளங்கவில்லை. “என்ன மாப்ளே?”

“இல்ல, எங்கய்யா செத்த அவசரத்துல கொறச்சு அனுப்பிட்டேனோன்னு கேட்டேன். பத்தலன்னாச் சொல்லுங்க, தாலியறுத்தவ காதுல தோடு கெடக்கு.”

“ஏலே நாகராசு, என்ன பேசுற? நான் யார்ட்ட காசு வாங்குனேன்?”

நாகராஜ் போனை எடுத்து நீட்டினான். வாயுவேகாவின் பில். பெட்டி வாடகையும் அவசரக் கட்டணமும் சேர்த்து நாலாயிரத்து ஐம்பது. அதன் கீழே எரிபொருள் கூடுதல் கட்டணம், நானூற்று எண்பத்தாறு. பெட்டியின் வாடகைக்கும் சேர்த்தே டீசல் காசு போட்டிருந்தார்கள். இரண்டு நாளாக அந்த வீட்டுக் கரண்டைக் குடித்துக்கொண்டிருந்த பெட்டி, வழியில் டீசலும் குடித்திருக்கிறது.

“மாப்ளே, ஆத்தா சத்தியமா இதுல எனக்கு ஒரு பைசா வரல. கூலியே வாங்கல. டீசலு என் கைக்காசு.”

பந்தலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் சாவகாசமாகக் கேட்டார்: “ஏப்பா, வண்டி ஒன்னுது. ஓட்டுறது நீ. டீசலு போடுறது நீ. டீசல் காசு மட்டும் வேற எவனுக்கோ போகுதாக்கும்?”

நான்கைந்து பேர் சிரித்தார்கள். நடந்தது அதுதான் என்றாலும், அதை வாய்விட்டுச் சொன்னால் புத்தியுள்ள எவனும் நம்ப மாட்டான். பொய்யென்றால்கூடக் கொஞ்சம் ஜோடித்து நம்பும்படி சொல்லலாம். இந்த உண்மையை என்ன செய்வது?

பெட்டியை ஏற்ற யாரும் கை கொடுக்கவில்லை. தனியாளாக இழுத்து ஏற்றினார்.

வண்டியை நேராகக் கம்பெனி வாசலில் நிறுத்தி, பெட்டியை இறக்காமலே மாடியேறினார். தங்கசாமி டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“மொதலாளி, கேத வீட்டுல டீசல் காசு வாங்கியிருக்கீக.”

“அது கம்ப்யூட்டர்ல எல்லாத்துக்கும் சேந்து விழுகும்பா. மில்லு, பூவு, பொட்டின்னு அதுக்கென்ன தெரியும்?”

“ஒங்களுக்குத் தெரியும்ல?”

தங்கசாமி கையைக் கழுவிவிட்டு வந்து பொறுமையாக விளக்கினார். “அருஞ்சுனை, கேதத்துல கூலி வேண்டாம்னது நீங்க. நான் வேண்டாம்னு சொன்னேனா?”

“லாபம் பாக்க மாட்டேன்னீகளே மொதலாளி.”

“லாபம் எங்க பாத்தேன்? இது கட்டணம்ல.”

“அப்ப அந்த நானூத்தி எண்பத்தாற நாகராசுக்கே திருப்பி அனுப்பிருங்க. ஊருக்குள்ள என் பேரு கெட்டுப்போச்சு.”

ராம்குமார் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கினான். “திருப்புனா ஜி.எஸ்.டி. கணக்கு ஒதைக்கும்ணே.”

“எனக்கு ஊரே ஒதைக்குது தம்பி.”

“ஒங்க பேரு கெடுறதுக்குக் கம்பெனி என்னண்ணே பண்ணும்? பில்லுல ஒங்க பேரே இல்லயே” என்றான் ராம்குமார். மெய்தான். வாயுவேகாவின் எந்தக் காகிதத்திலும் அருஞ்சுனை பெயர் இருக்காது, விபத்து நடந்தால் தவிர.

அடுத்த பத்து நாளில் அருஞ்சுனைக்கு ஊரில் எத்தனை பேர் நகைச்சுவை உணர்வுள்ளவர்கள் என்று தெரிந்தது. டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் ‘எந்திருங்கப்பா, மூச்சு விடுறதுக்கும் மீட்டர் போட்டுருவாக’ என்றார்கள். பக்கத்து ஊர்க் கேதம் ஒன்றுக்கு அவர் முறை வந்து பெட்டியோடு போனபோது, தெருமுனையிலேயே மறித்து, ‘மொதல்ல டீசல் காசு எம்புட்டுன்னு சொல்லு, அப்புறம் எறக்கு’ என்றார்கள். இருபது வருடமாக எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று வாழ்ந்தாரோ, அந்தக் கேள்வியைச் சாவு வீட்டுக்காரர்களே அவரிடம் கேட்டார்கள்.

அவர் மனைவி காளீஸ்வரிக்கு நூறு நாள் வேலையில் கிடைத்தது இன்னும் காரமானது. ‘எங்க தெருவுல இன்னும் ரெண்டு கெழடு இழுத்துக்கிருக்கு, ஒன் வீட்டுக்காரர்ட்டச் சொல்லி வை’ என்றாளாம் ஒருத்தி. காளீஸ்வரி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து வீட்டில் வெடித்தாள்.

“வாங்காத காசுக்கு வாங்குன பேரு. வாங்கித் தொலைச்சிருந்தாலாவது ஒரு சிலிண்டர் வாங்கியிருப்பேன்!”

“நாகராசு வீட்டுல போயி அந்தக் காச நானே குடுத்துட்டு வாரேன்.”

“குடுங்க. ‘பாத்தியா, வாங்குனவன் பயந்து திருப்பிட்டான்’னு சொல்லுவாக. அதுவும் சேரட்டும்.”

அவள் சொன்னது சரிதான். கொடுத்தாலும் திருடன், கொடுக்காவிட்டாலும் திருடன்.

பதினாறாம் நாள் சங்கையா வீட்டில் கருமாதி. போகாமல் இருக்க முடியாத முறை. இருவரும் போனார்கள். சாப்பாடு முடிந்து, மொய் எழுதுகிற மேஜைக்கு முன்னால் ஆட்கள் நின்றார்கள். எழுதுகிறவர் ஆண்டிச்சாமி, ஊரில் எல்லா விசேஷத்துக்கும் அவர்தான். ஒவ்வொரு பெயரையும் எழுதிவிட்டு மைக்கில் வாசிப்பார்.

மொய்யைப் பற்றி இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் செய்தால் வாங்கியவர் திருப்பிச் செய்தாக வேண்டும். கல்யாணத்தில் வாங்கியதைக் கல்யாணத்தில் செய்யலாம், காதுகுத்தில் செய்யலாம். கேதத்தில் வாங்கியதை மட்டும் கேதத்தில்தான் திருப்பிச் செய்ய வேண்டும். செய்தவர் வீட்டில் ஒரு சாவு விழுகிறவரை அந்தக் கடன் நிற்கும்.

அருஞ்சுனை தன் பெயருக்கு ஐநூற்றொன்று எழுதினார். ஆண்டிச்சாமி அதை மைக்கில் வாசித்தபோது ‘டீசல் போக எம்புட்டு?’ என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு. அருஞ்சுனையின் முகம் கறுத்தது. திரும்பிப் பார்க்காமல் சட்டைப் பையில் மறுபடி கையை விட்டார்.

“சின்னய்யா, இன்னொரு மொய்யி இருக்கு. எழுதுங்க.”

“யாரு பேருக்கு?”

“அருப்புக்கோட்டை தங்கசாமி. வாயுவேகா கம்பெனி மொதலாளி.”

“அவுக வரலயேப்பா?”

“குடுத்து விட்டுருக்காகன்னு வச்சுக்கங்க. நானூத்தி எண்பத்தாறு.”

ஆண்டிச்சாமி பேனாவை நிறுத்தினார். “மொய்யில ஏதுப்பா எண்பத்தாறு? நானூத்தி ஒண்ணா எழுதுவோம், இல்ல ஐநூத்தி ஒண்ணா எழுதுவோம்.”

“அவுக இந்த வீட்டுல வாங்குன டீசல் காசு அம்புட்டுத்தான் சின்னய்யா. கூடக் கொறைய எழுதாதீக. ரைட்டா எழுதி, சத்தமா வாசிங்க.”

ஆண்டிச்சாமி ஒரு கணம் அருஞ்சுனையின் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுதினார். பிறகு மைக்கைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

“அருப்புக்கோட்டை தங்கசாமி. வாயுவேகா கம்பெனி. கேத வீட்டு டீசல் காசு. நானூத்தி எண்பத்தாறு ரூபா.”

பந்தலில் கடைசி வரிசைவரை எல்லோரும் கணக்குத் தெரிந்தவர்கள்தான். தங்கசாமி பெயரில் கேத மொய் விழுந்திருக்கிறது. இனி சங்கையா வீட்டார் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். முதலில் சிரித்தது நாகராஜ்தான். சிரிப்பு நின்றதும் அருஞ்சுனையிடம் வந்தான்.

“மச்சான், அப்ப நெசமாவே ஒங்களுக்கு வரலயா?”

“வந்திருந்தா என் பேருல எழுதியிருப்பேன்ல மாப்ளே.”

“சரி. திருப்பிச் செய்யணுமே, தங்கசாமி அண்ணாச்சி வீட்டுல விசேசம் எப்பன்னு கேட்டுச் சொல்லுங்க.”

கேட்டுச் சொல்ல அருஞ்சுனை தேவைப்படவில்லை. மறுநாளிலிருந்து ஊர்க்காரர்களே கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். மிகுந்த மரியாதையோடு, ‘அண்ணாச்சி ஒடம்பு எப்படியிருக்கு? ஒண்ணுமில்ல, செய்முறை ஒண்ணு பாக்கி நிக்குது’ என்றார்கள். விஷயம் திருச்சுழி பஸ்ஸில் ஏறியது, மல்லாங்கிணறு சந்தையில் இறங்கியது. முன்பு பெட்டியை வாடகைக்கு எடுத்த வேறு இரண்டு ஊர்க்காரர்கள் தங்கள் பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த கருமாதியில் அவர்களும் தங்கசாமி பெயரில் எழுதி வைத்தார்கள். உயிரோடிருக்கிற ஒரு மனிதருக்கு இத்தனை கேத மொய் திரும்பி வரக் காத்திருந்தது இந்தத் தாலுகாவில் முதல் தடவையாக இருக்கும்.

தங்கசாமி யாபாரக் குடும்பம். நஷ்டத்தைக் கண்டு பயப்பட மாட்டார், சகுனத்தைக் கண்டால் ராத்தூக்கம் போய்விடும். போன வருடம்தான் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார். பத்தாவது போனுக்குப் பிறகு அவரே காரை எடுத்துக்கொண்டு பரளச்சிக்கு வந்துவிட்டார். நாகராஜ் அன்றைக்குத் திருப்பூர் கிளம்ப இருந்தவன், பஸ்ஸை விட்டுவிட்டான். ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டார்கள். அருஞ்சுனைக்கும் ஆள் போனது. அழைக்காமலே ஊரில் பாதி வந்து நின்றது.

“ஆண்டிச்சாமி அண்ணே, அந்தப் பேர அடிச்சிருங்க” என்றார் தங்கசாமி.

“எழுதுன மொய்ய அடிக்கிற வழக்கம் இல்லயே அண்ணாச்சி. திருப்பித்தான் கழிக்கணும்.”

“எப்படிக் கழிக்கிறது?”

“அதுக்கு நீங்கதான் வழிவிடணும்.”

கூட்டத்தில் ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அங்கிட்டுத் திரும்பினாள். தங்கசாமிக்கு வேர்த்தது. அருஞ்சுனையின் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப்போகப் பார்த்தார்.

“ஏம்பா, நம்ம ரெண்டு பேருக்குள்ள பேசித் தீத்துக்கிறதுதான. ஒனக்கு ஐயாயிரம் தாரேன், போதுமா?”

அருஞ்சுனை தோளை விலக்கிக்கொண்டார். “மொதலாளி, சாவு வீட்டுல காசு வாங்குனவன்னு என்னையச் சொல்றாக. எம் பொண்டாட்டியச் சொல்றாக. யாரு வாங்குனதுன்னு இங்க வச்சு, எல்லாரும் கேக்கச் சொல்லுங்க. எனக்கு ஐயாயிரம் வேண்டாம்.”

தங்கசாமி சுற்றிலும் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு முனகினார்: “டீசல் காசு கம்பெனிதான் வாங்குச்சு. டிரைவருக்குக் குடுக்கல.”

“அண்ணாச்சி, மைக்கு இல்ல. கொஞ்சம் சத்தமா” என்றான் நாகராஜ்.

“டிரைவர் பைசா வாங்கல! நான்தான் வாங்குனேன்! போதுமா?”

“போதும்” என்றான் நாகராஜ். “சின்னய்யா, அடிச்சிருங்க. அது மொய்யில்ல. எங்க காசு, எங்களுக்கே வந்துருச்சு.”

தங்கசாமி ஐநூறு ரூபாய்த் தாளை அருஞ்சுனையிடம் கொடுத்தார். அருஞ்சுனை பதினாலு ரூபாய் சில்லறையைத் தேடி எடுத்து, முதலாளி வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல், அவர் கையில் வைத்தார். பந்தலில் அன்று பீடி பிடித்த பெரியவர் வந்து, ‘மனசுல வச்சுக்கிறாத’ என்றார். ஊர் கலைந்தது. மற்ற ஊர்களில் எழுதியதையும் இதே மாதிரி போய்ப் போய் அடித்துவிட்டு வர தங்கசாமிக்கு ஒரு வாரம் ஆனது. கேதத்துக்கு இனி எரிபொருள் கட்டணம் கிடையாது என்று கம்பெனி வாசலில் போர்டும் மாட்டினார்.

டிரைவர்கள் பதினாலு பேரும் கொண்டாடினார்கள். ஒரு ஆள் கேசரி வாங்கி வந்தார். ‘ஜெயிச்சுட்டோம்ணே, பொணத்து மேல கை வைக்க முடியாதுன்னு காட்டிட்டீக’ என்றார்கள். அருஞ்சுனையும் கேசரி தின்றார். தின்றுகொண்டே அந்த போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

செத்தவனுக்கு டீசல் காசு கிடையாது. சரி. உயிரோடு இருக்கிறவனுடையது? மில் பில்லில் அந்த வரி இருக்கிறது, பூ பில்லில் இருக்கிறது, சேலை பில்லில் இருக்கிறது. வருடக்கணக்காக அவர் ஊற்றிய டீசலுக்கு வேறொருவர் காசு வாங்கிக்கொண்டிருக்கிறார். அதற்கு அவர் செய்ததெல்லாம் மாடியிலிருந்து இறங்கி வந்து ‘ஜெனரேட்டருக்காம்’ என்று சிரித்ததுதான். மாதத்தில் ஒரு பிணத்துக்கு வந்த ரோஷம், மாதம் முழுக்க ஓட்டுகிற தனக்காக ஒரு நாள்கூட வரவில்லை. தங்கசாமி எதை விட்டுக்கொடுத்தாரோ அது அவருக்குச் சுண்டைக்காய். அதற்குக் கேசரி வேறு.

“என்னண்ணே, இனிப்பு கம்மியா?” என்று கேட்டார் பக்கத்திலிருந்தவர்.

“நம்மளத் தின்னவன் நமக்கே கேசரி வாங்கிக் குடுத்த மாதிரி இருக்கு” என்றார் அருஞ்சுனை. அந்த ஆள், ‘இல்லண்ணே, நான் வாங்குனது’ என்று மனம் வருந்தினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு மில்லின் மோட்டார், கோயம்புத்தூர் லோடு. உள்ளே காயில் கம்பி எரிந்துபோய், ஒரு பக்கத்து மிஷின்கள் முழுக்க நின்றிருந்தன. மில்லில் இருந்து நிமிடத்துக்கு ஒரு போன். வண்டியில் மோட்டாரை ஏற்றிக் கட்டினார்கள். அருஞ்சுனை டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, வண்டியைக் கம்பெனி வாசலை மறித்தாற்போல் நிறுத்தி, இன்ஜினை அணைத்தார்.

ராம்குமார் மாடியிலிருந்து எட்டிப்பார்த்தான். “என்னண்ணே, ஸ்டார்ட் ஆகலயா?”

“ஆகும். டீசல் காசு வந்ததும் ஆகும்.”

“அதான் அன்னைக்கே எல்லாம் பேசி முடிஞ்சு போச்சேண்ணே?”

“அது செத்தவுகளுக்கு முடிஞ்சுச்சு. நான் இன்னும் சாகல தம்பி.”

பின்னால் இரண்டு வண்டிகள் லோடோடு நின்றன. ஒன்று இன்ஜினை அணைத்தது. இன்னொன்றின் டிரைவர் நேற்றுக் கேசரி வாங்கியவர்தான். கொஞ்ச நேரம் பார்த்தார், ‘எனக்குப் பூவுண்ணே, வாடிரும்’ என்று சொல்லிக்கொண்டு, நடைபாதை மேல் ஏற்றி ஒடித்து வெளியே போய்விட்டார். அருஞ்சுனை அவரைத் திட்டவில்லை. மற்றவர்கள் அவரைத் திட்டுவதா, அருஞ்சுனையைத் திட்டுவதா என்று தெரியாமல் நின்றார்கள்.

தங்கசாமி இறங்கி வந்தார். அவருடைய போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. மில்லில் இருந்துதான்.

“அருஞ்சுனை, இது அநியாயம். அவசர லோடப்பா!”

“அவசரம் ஒங்களோடது மொதலாளி. டீசலு என்னோடது.”

“ஒன்னைய விட்டா வண்டி இல்லயா?”

“இருக்கு. மோட்டார எறக்கி அதுல ஏத்துங்க. ஆளு வேணும்ல, ஒரு பன்னெண்டு பேரு? நான் கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருக்கேன்.”

போன் நின்று மறுபடி அடித்தது. தங்கசாமி எடுத்து, ‘கெளம்பிருச்சுங்க, டவுனத் தாண்டிருச்சுங்க’ என்றார். டவுனைத் தாண்டிவிட்ட வண்டி அவர் மூக்குக்கு முன்னால் நின்றிருந்தது. போனை வைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

“எம்புட்டு?”

“பில்லுல எம்புட்டுப் போட்டிருக்கீகளோ அம்புட்டு.”

ராம்குமார் மேலிருந்து தொகையைச் சொன்னான். தங்கசாமி இடுப்பிலிருந்து எடுத்து எண்ணி, சன்னல் வழியாக நீட்டினார். விரலை நீட்டி எச்சரித்தார்.

“இந்த லோடுக்கு மட்டும்தான். வழக்கமாக்கிறாத.”

அருஞ்சுனை பணத்தைச் சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போட்டார்.

“சரி. அடுத்த லோடுக்கு அடுத்த லோடுல நிக்கிறேன்.”

சாவியைத் திருகினார். வண்டி கோயம்புத்தூருக்குக் கிளம்பியது.